மீசை பார்க்காமல் முறித்த போத்து

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்று வளர்த்தது நான்கு பிள்ளைகள், நான்கும் நன்றாக இருக்கின்றன. ஒட்டுக் கட்டி வளர்த்த ரோஜா எத்தனை என்று கேட்டால் எனக்கும் தெரியாது, இருபத்தெட்டு வருடம் என்னை வேலைக்கு வைத்திருந்த நர்சரிக்காரருக்கும் தெரியாது. பெரம்பலூரில் தாலுகா ஆபீஸ் வாசலிலும் பள்ளிக்கூடத்து வாசலிலும் நிற்கிற ரோஜாக்களைப் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது, இது என் கை, இது என் கை இல்லை என்று சொல்லிவிடுவேன். ஒட்டு முடிச்சு இருக்கிற உயரம் அப்படி.

மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். எங்கள் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தார்கள், சின்ன வெங்காயம் அறுத்தார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். கல்யாணமாகிக் குரும்பலூர்ப் பக்கம் வந்த பிறகு நர்சரியில் பை நிரப்பக் கூப்பிட்டார்கள். பை நிரப்பினவள் ஒரு நாள் ஒட்டுக் கத்தியை எடுத்தேன். அதற்கப்புறம் அந்தக் கத்தியை யாரிடமும் கொடுக்கவில்லை.

ஒட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அழகான பூப் பூக்கிற ரோஜாவுக்குப் பெரும்பாலும் வேர் பலம் இருக்காது. அதனால் பலமான காட்டு ரோஜாவை முதலில் பையில் வளர்ப்போம். அதற்கு அடிச்செடி என்று பெயர். அதன் தோலைக் கத்தியால் கீறி, நல்ல ரோஜாவின் குச்சியிலிருந்து துளிர் விடுகிற கண் ஒன்றை மட்டும் தோலோடு எடுத்து, கீறின இடத்தில் செருகி, நாடாவால் சுற்றிவிடுவோம். கண் பிடித்ததும் மேலே இருக்கிற காட்டு ரோஜாவை வெட்டிவிட வேண்டும். வேர் ஒருத்தருடையது, பூ இன்னொருத்தருடையது. ஒட்டின இடம் முடிச்சுப் போலப் புடைத்து நிற்கும். அந்த முடிச்சுக்குக் கீழே எது துளிர்த்தாலும் அது காட்டு ரோஜாவின் போத்து. விட்டால் மேலே இருப்பதற்குச் சோறு போகாது. பார்த்த இடத்தில் முறித்துப் போட வேண்டும். இருபத்தெட்டு வருடம் முறித்திருக்கிறேன். தலையில் பேன் ஊர்ந்தால் கை தானாகப் போகிற மாதிரி, அடிப்போத்தைக் கண்டால் என் கை தானாகப் போகும்.

ரோஜாவை இனம் காண எல்லாரும் பூவைப் பார்ப்பார்கள். பூ ஏமாற்றும். மார்கழியில் அடர்த்தியாகச் சிவந்து பூக்கிறது, சித்திரையில் வெளுத்துப் போய் வேறு யாரோ மாதிரி நிற்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இலையே மஞ்சளாகிவிடும். என் மூத்த மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அவள் வாசலில் என் செடியே எனக்கு அடையாளம் தெரியாமல் நின்றது. நான் பார்ப்பது முள்ளை. நேராக நிற்கிறதா, கோழி நகம் மாதிரி வளைந்திருக்கிறதா? அடுத்தது கொழுந்தின் நிறம். அதற்கடுத்தது மீசை. இலைக்காம்பு தண்டைத் தொடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சிறகு இருக்கும். எங்கள் அடிச்செடிக் காட்டு ரோஜாவுக்கு அந்தச் சிறகின் ஓரம் கிழிந்து மீசை மீசையாகத் தொங்கும். மற்றதற்கெல்லாம் ஓரம் மழுமழுவென்று இருக்கும். வேலைக்கு வந்த பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். "முறிக்கிறதுக்கு முன்னாடி மீசையப் பாருங்கடி."

நர்சரியில் செடிகளுக்கு இங்கிலீஷில் பெயர் எழுதின சீட்டுக் கட்டியிருக்கும். எனக்கு அது படிக்க வராது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். தலை குனிந்து பூக்கிறது வெட்கக்காரி. வருடம் முழுவதும் ஓயாமல் பூக்கிறது சம்சாரி. ஒரு தடவை லாரியில் வந்த சரக்கு மழையில் நனைந்து சீட்டு அத்தனையும் கரைந்துபோய்விட்டது. ஒரு செடியிலும் பூ இல்லை. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் முள்ளையும் கொழுந்தையும் பார்த்து ஒரே பகலில் வகை வகையாகப் பிரித்து வைத்தேன். பூத்த பிறகு பார்த்ததில் ஏழு செடிதான் தப்பு. அந்த ஏழிலும் நாலு, வரும்போதே தப்பான சீட்டோடு வந்தவையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு சொல்வது பெருமைக்குத்தான். பெருமைப்பட எனக்கு இது ஒன்றுதான் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

லெப்பைக்குடிக்காட்டில் ஒரு பாயம்மா. நர்சரிக்குச் செடி வாங்க வந்து பழக்கம். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர், என்னை அக்கா என்பார். வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார், அவர்கள் மவுத் என்பார்கள். பிள்ளைகள் துபாயிலும் கத்தாரிலும் இருக்கிறார்கள். நான் வேலையை விட்டு வருடக்கணக்கான பிறகு, போன கார்த்திகையில், அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, எங்க வூட்ட இடிச்சுட்டு மாடி வூடு கட்டப் போறானுவ. முத்தத்துல எங்க அம்மா காலத்து ரோஜா ஒண்ணு நிக்கிது. பாதி காஞ்சு போச்சு. வியாழக்கிழமை ஜேசிபி வருதாம். நீங்க வந்து அத எப்புடியாச்சும் பொழைக்க வச்சுக் குடுக்கணும். என்ன எனம்னும் பாத்துச் சொல்லுங்க. கடைல கேட்டு வாங்கிக்கிடலாம்னு பெரிய மவன் சொல்றான். நானும் தேடிப் பாத்துட்டேன், அது மாதிரி எங்கயும் இல்ல."

அவர் பிறந்து வளர்ந்ததும் அந்த வீடுதான். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருந்தவர். அம்மாவின் பெட்டி, பாத்திரம் எல்லாம் பங்காகி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. இவர் கையில் மிஞ்சினது இந்தச் செடி ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பெரம்பலூர் வந்து பஸ் மாறிப் போனேன். கத்தி, நாடா, ஈரத் துணி எல்லாம் மஞ்சள் பையில். போனதும் தேத்தண்ணீர் வந்தது. குடித்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிழட்டுச் செடி. அடித்தண்டு என் மணிக்கட்டுத் தடிமன். மேலே இரண்டு கிளை, ஒன்று முழுக்கக் காய்ந்தது, இன்னொன்றில் நாலைந்து மஞ்சள் இலை. அடித்தண்டில் ஒரு சாண் உயரத்தில் பெரிய புடைப்பு. அதற்குக் கீழே மண்ணிலிருந்து இரண்டு போத்து, ஜம்மென்று பச்சையாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குத்தானா இவ்ளோ கவலைப்பட்டீங்க? காட்டுப் போத்து ரெண்டும் சேந்து தாய்ச்செடியத் தின்னுடுச்சு. இத்தன வருசம் இத வளரவுட்டுருக்கீங்களே" என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டையும் அடியோடு முறித்துப் பின்னால் வீசிவிட்டேன்.

பாயம்மா வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

மேலே இருந்த கிளையில் கண் எடுக்கலாம் என்று நகத்தால் தோலைச் சுரண்டினேன். உள்ளே பச்சை இல்லை, பழுப்பு. இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டினேன். பழுப்பு. கத்தியை வைத்து ஆழமாகச் சீவினேன். அடித்தண்டு வரைக்கும் செத்திருந்தது. அந்த மஞ்சள் இலைகள் தண்டில் மிச்சமிருந்த ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அப்போதுதான் முடிச்சைத் தடவிப் பார்த்தேன். அது முடிச்சே இல்லை. எந்தக் காலத்திலோ கிளை வெட்டின காயம் ஆறிப் புடைத்தது. ஒட்டுச் செடியே இல்லை அது. தன் வேரில் தானே நிற்கிற செடி. அப்படியென்றால் மண்ணிலிருந்து வந்த போத்து காட்டு ரோஜா இல்லை, அந்த ரோஜாவேதான். கிழவி செத்தாலும் வேர் விடாமல் கொடுத்த இரண்டு பிள்ளை. அதைத்தான் முறித்துப் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் ஆடு. முற்றத்து மூலையில் கட்டியிருந்த பாயம்மாவின் ஆடு ஒரு போத்தை அடிவரைக்கும் தின்று முடித்திருந்தது. இன்னொன்றை வாயில் எடுத்துவிட்டது. எழுபத்து மூன்று வயதில் நான் அப்படி ஓடியிருப்பேன் என்று என் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கினேன். முனை போய்விட்டது, பாதி இலை கிழிந்துபோய்விட்டது. மிச்சமிருந்த குச்சியைத் திருப்பிப் பார்த்தேன். சிறகு மழுமழுவென்று இருந்தது. மீசை இல்லை. குச்சியில் முற்றின கண் மூன்று இருந்தது.

"என்னக்கா, ஆட்டோட சண்ட?" என்றார் பாயம்மா.

"இல்லங்க, இதையும் வச்சுப் பாக்கலாம்னு" என்றேன். என் வாயிலிருந்து உண்மை வரவில்லை. காட்டுப் போத்து என்று அவ்வளவு சத்தமாகச் சொன்ன வாய். குச்சியை ஈரத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அடிவேரைத் தோண்டிச் சாக்கில் கட்டிக்கொடுத்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். இனம் என்னவென்று கேட்டார். பூப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். ஆயுளில் முதல் தடவையாக அப்படிச் சொன்னேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெளியே மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பொம்பிளையின் அம்மா ஞாபகம் முழுவதும் மூன்று கண்ணில் என் மடியில் இருந்தது.

வீட்டுப் பின்னால் எனக்காக நாலு அடிச்செடி எப்போதும் பையில் வைத்திருப்பேன். மழைக்குத் தோல் நன்றாகக் கழன்று கொடுத்தது. அன்றைக்கே மூன்று செடியில் மூன்று கண்ணையும் செருகிக் கட்டினேன். தோண்டிக்கொண்டு வந்த வேரைத் தொட்டியில் வைத்தேன். அது துளிர்க்கவே இல்லை, ஒரு மாதத்தில் அழுகிவிட்டது.

கண் எடுக்கும்போது இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் விட்டுவைப்போம். இரண்டு வாரம் கழித்து அந்தக் காம்பைத் தொட வேண்டும். தொட்டதும் உதிர்ந்தால் கண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கருகி ஒட்டிக்கொண்டு நின்றால் கண் செத்துவிட்டது. முதல் கண் ஒரு வாரத்திலேயே கறுத்துவிட்டது, தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. பதினைந்தாம் நாள் இரண்டாவதைத் தொட்டேன். காம்பு அசையவில்லை. மூன்றாவதைத் தொடாமல் உள்ளே போய்விட்டேன். சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன், துணி மடித்தேன். மறுநாள்தான் தொட்டேன். விரல் படுவதற்கு முன்பே உதிர்ந்த மாதிரி இருந்தது.

இடையில் பாயம்மா இரண்டு தடவை போன் செய்தார். "எங்க அம்மா எப்புடி இருக்கு?" என்பார். செடியைத்தான் அப்படிக் கேட்பார். "இருக்குங்க" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

மாசி மாதம் ஒரே ஒரு மொட்டு வந்தது. விரிந்தபோது கன்னச் சிவப்பு, அடியில் வெளுப்பு. சின்னப் பூதான், ஆனால் இதழ் உள்ளே உள்ளே அடுக்கு. மணம் என்றால் அப்படி ஒரு மணம். பன்னீர் ரோஜாவின் மணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் செடி பன்னீர் ரோஜா மாதிரி இல்லை. பன்னீர் ரோஜாவுக்கு ஊசி மாதிரி நெருக்கமாக முள், இலை சொரசொரப்பு. இதற்கு முள் அங்கொன்று இங்கொன்று, வளைந்து. இலை வழவழப்பு, கொழுந்து செம்பு நிறம். இது எனக்குத் தெரிந்த இன்னொன்றின் சாடை. முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு நின்ற நாட்டுச் சிவப்பு ரோஜா, வாசனையே இல்லாமல் வருடம் முழுவதும் பூக்குமே, அதன் சாடை. முறத்தில் பன்னீர் ரோஜா இலையை ஒரு பக்கம், நாட்டுச் சிவப்பின் இலையை ஒரு பக்கம் பரப்பி, நடுவில் இதன் இலையை வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை. கடையில் இல்லாதது அதனால்தான்.

போன் செய்தேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார் பாயம்மா. வந்தவர் பூவைப் பார்க்கவில்லை. குனிந்து, பூவுக்கு அடியில் இருக்கிற பச்சைக் காம்பை இரண்டு விரலால் மெல்லத் தேய்த்து, விரலை மூக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதாங்க்கா. எங்க அம்மா கை வாசம்."

நான் இருபத்தெட்டு வருடம் முள்ளையும் கொழுந்தையும் பார்த்தவள். பச்சைக் காம்பைத் தேய்த்து முகர எனக்குத் தோன்றினதே இல்லை. அவர் நகர்ந்ததும் நானும் தேய்த்துப் பார்த்தேன். இதழில் ஒரு மணம், காம்பில் வேறு மணம், கொஞ்சம் மிளகு கலந்த மாதிரி. பூ விரிவதற்கு முன்பே மொட்டை வைத்து இனம் சொல்லிவிடலாம்.

அப்போது எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டியிருந்தது. "இது எங்கயும் வாங்குனது இல்லங்க. ரெண்டு ரோஜா கலந்து வந்தது. அம்மா நாட்டுச் செவப்பு, அப்பா பன்னீரு" என்று முறத்தை நீட்டினேன்.

முறத்தைப் பார்த்தார். சிரித்தார். "ரெண்டு பேரையும் சரியாப் புடிச்சுட்டீங்க. அடடா, வெறும் எலைய வச்சேவா? ஆனா மாத்திச் சொல்றீங்கக்கா. அம்மாதான் பன்னீரு."

"செடி முழுக்கச் செவப்போட சாடைங்க."

"புள்ள அப்பன் சாடையா இருந்தா அம்மா மாறிடுவாளா? எங்க மூத்தவன் அவங்க அத்தாவ உரிச்சு வச்சிருக்கான். பெத்தது நானு." பிறகு சொன்னார். முற்றத்தில் அந்தக் காலத்தில் கிணற்றடியில் பன்னீர் ரோஜாவும் சுவரோரம் நாட்டுச் சிவப்பும் நின்றனவாம். பன்னீரில் சுண்டைக்காய் அளவு பழம் ஒன்று பழுத்ததை இவர் எட்டு ஒன்பது வயதில் பறித்து விளையாடி, துவைக்கிற கல்லில் வைத்து நசுக்கியிருக்கிறார். அம்மாவிடம் அடி. அடுத்த மழைக்குக் கல்லோரம் முளைத்தது. "ரெண்டு எலை வுட்டதுலேருந்து பாத்தேன். யாரும் நடல. அல்லா நட்டது. பன்னீரு பழத்துல மொளச்சது ஏன் பன்னீரா இல்லன்னு தெரியாமத்தான் ஒங்கள எனம் கேட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப அது ஒட்டுச் செடி இல்லன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"நான் முறிச்சப்ப?"

"வாயத் தொறந்தேன். அதுக்குள்ள முறிச்சுட்டீங்க. என்ன கை ஒங்க கை, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. நெஞ்சு நின்னு போச்சுக்கா. ரெண்டு நாளு சோறு எறங்கல."

நான் முழுவதையும் சொன்னேன். மீசை பார்க்காதது, முடிச்சைத் தடவாதது, தெரிந்த பிறகும் மறைத்தது. என்னிடம் வேலை கற்றவள் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே விரட்டியிருப்பேன் என்றும் சொன்னேன்.

"ஆட்டு வாயிலேருந்து புடுங்கி எலையத் திருப்பிப் பாத்தீங்க பாருங்க, ஒங்க மொகம் வெளுத்துச்சு. அப்பவே ஒங்களுக்குப் புரிஞ்சுபோச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது."

"ஒரு வார்த்த கேட்டுருக்கலாமுல்ல? திட்டியிருக்கலாமுல்ல?"

"திட்டியிருந்தா ஒங்க கை நடுங்கும். இருந்தது மூணு கண்ணு. நடுங்குற கைல ஒட்டுமாக்கா?"

எத்தனையோ பேர் என் கையைப் புகழ்ந்திருக்கிறார்கள். கையைக் காப்பாற்றினவர் அவர் ஒருத்தர்தான். அம்மாவின் செடியை முறித்தவளிடம் மூன்று மாதம் தினமும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு என்ன மனம் வேண்டும்? போனில் அவர் அதற்கு மேல் கேட்காத அந்த இரண்டு தடவையும் எனக்கு இப்போது திரும்பத் திரும்ப நினைவு வருகிறது. ரோஜாவை இனம் கண்டேன் என்று மார் தட்டுகிறேன். அவர் என்னை முகத்தைப் பார்த்தே இனம் கண்டுகொண்டார்.

செடியை அவரிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் இரண்டு கண் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். "ரெண்டு என்ன, இருக்கறதெல்லாம் எடுங்க. ஒரு எடத்துல மட்டும் இருந்ததாலதான் இந்தப் பாடு" என்றார். இப்போது என் வீட்டுப் பின்னால் நாலு, அரியலூரில் மகள் வாசலில் ஒன்று, குரும்பலூரில் என்னோடு வேலை பார்த்தவளிடம் ஒன்று நிற்கிறது. அவர் வீட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் தொட்டியில் நிற்கிறது.

பெயர் என்ன வைக்கலாம், அம்மா பெயரையே வைக்கலாமா என்று கேட்டேன். "எங்க அம்மாவ யாரும் பேரு சொல்லிக் கூப்டதே இல்ல. பூவ மட்டும் கூப்புடணுமா? பேரு வாணாம். ஆனா இது எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. புள்ளைங்களுக்குச் செடி குடுக்கறப்ப கூடக் குடுப்பேன்" என்றார். எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும் என்றேன். கூட்டி எழுதுங்கள், நான் கூட்டிப் படித்துக்கொள்கிறேன் என்றார்.

அப்படி எழுதினதுதான் இது. ஒரு பக்கம் எழுதச் சொன்னார், இவ்வளவாகிவிட்டது. நோட்டில் நான் எழுதினதை, பிளஸ் டூ படிக்கிற என் பேத்தி பிழை திருத்தி நல்ல தாளில் எழுதினாள். நேற்று ஒரு தடவை படித்துக் காட்டினாள். ஒரு இடத்தில், "எதிர்பாராத விதமாகப் போத்து முறிந்துவிட்டது" என்று வந்தது.

"நான் அப்புடியா எழுதுனேன்?"

"இல்ல அம்மாயி. ஒங்களப் பத்தி அப்புடிப் படிச்சா நல்லா இருக்காதேன்னு..."

"போத்து தானா முறியாதுடி. அத அடிச்சுட்டு, நான் எழுதுனபடியே எழுது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருத்தினாள். நாளைக் காலை பஸ்ஸில் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதோ பக்கத்தில்தான் தாளை வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல இதையும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மொதல்லேருந்து படி கண்ணு. அவசரப்படாத. பாயம்மா வீட்டு முத்தத்துக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் நிறுத்திப் படி, நான் முறிச்சேன்னு இருக்கான்னு கேக்கணும்.